பெயர் தெரியாத டச்சு ஓவியருக்கு எதற்குத் தனிக் கண்காட்சி?

கேள்வி இது: "பெயர்கூடத் தெரியாத ஒரு டச்சு உருவப்பட ஓவியருக்கு அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி வைக்கிறார்கள் என்று படித்தேன். ஆள் யாரென்றே தெரியாதபோது, இத்தனை படங்களும் ஒரே ஆள் வரைந்தவை என்று எப்படிச் சொல்கிறார்கள்? பெயரில்லாதவருக்கு இவ்வளவு மரியாதை ஏன்? என்றாவது பெயர் கிடைக்குமா?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பழக்கம் நமக்குப் புதிதே இல்லை. குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டு, 'யாயும் ஞாயும் யாரா கியரோ', பள்ளிக்கூடத்திலிருந்தே நமக்குத் தெரியும். பாடியவர் பெயர் செம்புலப்பெயல்நீரார். அது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. 'செம்புலப் பெயல்நீர் போல' என்று பாட்டில் வருகிறதே, அந்த உவமையைப் பிடித்துப் பின்னால் வந்தவர்கள் வைத்தது. அதற்கு அடுத்த பாட்டைப் பாடியவர் அணிலாடு முன்றிலார். மீனெறி தூண்டிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று இன்னும் பலர் உண்டு. ஆளின் சுவடு போய்விட்டது, அவர் சொன்ன ஒரு சொல் அவருக்குப் பெயராக நின்றுவிட்டது. அதற்காக அந்தப் பாட்டை யாரும் ஒரு படி கீழே வைப்பதில்லை.

ஐரோப்பிய ஓவிய வரலாற்றிலும் இதைத்தான் செய்கிறார்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் டெல்ஃப்ட் நகரத்தில் வேலை செய்த ஒருவருக்கு 'கன்னியருள் கன்னியின் ஓவியர்' என்று பெயர். ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் மரியாளைச் சுற்றிப் பெண் புனிதர்கள் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று இருக்கிறது. அதை வைத்து வந்த பெயர். சிலர் படத்தின் மூலையில் இரண்டு எழுத்தை மட்டும் விட்டுப் போயிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களில் ஒருவர் ஐ, எஸ் என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படுகிறார். அவர் ஆண்டு குறித்த படங்கள் 1630களில் தொடங்கி 1650கள் வரை வருகின்றன. இளவயது ரெம்பிராண்ட் லைடன் நகரத்தில் வரைந்த முறையை நன்றாக அறிந்த கை அது. வயதானவர்களின் முகச் சுருக்கத்தை ஒவ்வொரு கோடாக, அவசரமே இல்லாமல் வரைவார். அவர் வரைந்தவர்கள் போட்டிருக்கும் உடுப்பு சில இடங்களில் ஹாலந்து உடுப்பாகவே தெரியாது, கிழக்கு ஐரோப்பாப் பக்கத்து உடை போல இருக்கும். ஊர் எது, பேர் எது, இன்றுவரை பிடிபடவில்லை.

சரி, பெயர் எப்படித்தான் தொலைகிறது?

உருவப்படத்துக்கென்று ஒரு தனிக் குணம் உண்டு. அது கடைக்குப் போகும் சரக்கு இல்லை, வீட்டுக்குச் செய்த பொருள். பதினேழாம் நூற்றாண்டு ஹாலந்தில் ரொட்டிக் கடைக்காரர் வீட்டிலும் துணி வியாபாரி வீட்டிலும் படம் மாட்டியிருந்தார்கள். அந்த நூற்றாண்டில் வரையப்பட்டவை பல லட்சம் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை, பெரும்பாலானவை அழிந்துவிட்டன என்பதிலும் இல்லை. வீட்டுப் படத்தில் வரைந்தவர் கையெழுத்துப் போடவேண்டிய கட்டாயம் கிடையாது. யார் வரைந்தது என்று வீட்டுக்காரருக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்கும் தெரியும். படத்தின் மேல் மூலையில் எழுத்து இருந்தாலும் அது பெரும்பாலும் 'ஏட்டாட்டிஸ் சூவே' என்ற லத்தீன் சொல்லும் ஓர் எண்ணும்தான். 'தம் வயது 34' என்பது போல. பக்கத்தில் ஆண்டு. சில படங்களில் குடும்பச் சின்னம். பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சின்னம் பொறிக்கும் வழக்கம் தெரிந்திருக்கும். ஆக, உட்கார்ந்தவரின் வயது தெரியும், குலம் தெரியும், வரைந்தவர் மட்டும் தெரியமாட்டார்.

மூன்று தலைமுறை போனால் உட்கார்ந்தவர் பெயரும் போய்விடும். பாகப் பிரிவினை வரும். அந்தக் காலத்தில் கணவனையும் மனைவியையும் இரண்டு தனிப் படங்களாக வரைந்து ஜோடியாக மாட்டுவார்கள். பார்ப்பவருக்கு இடப்பக்கம் கணவன், வலப்பக்கம் மனைவி, இருவரும் ஒருவர் பக்கம் ஒருவர் லேசாகத் திரும்பியிருப்பார்கள். பாகம் பிரிக்கும்போது ஒன்று அண்ணனுக்கு, ஒன்று தங்கைக்கு என்று போய், பிறகு ஏலத்துக்குப் போய், கடைசியில் கணவன் ஒரு நாட்டிலும் மனைவி வேறொரு நாட்டிலும் தொங்குவார்கள். வெறும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும் ஒரு பெண்ணின் படத்தை அருங்காட்சியகத்தில் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது 'இவள் வீட்டுக்காரர் எங்கே இருக்கிறாரோ' என்பதுதான்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. ஒரே கை என்று எப்படிச் சொல்கிறார்கள்?

சாம்பாரை வாயில் வைத்தவுடன் இது அம்மா வைத்ததா அத்தை வைத்ததா என்று நமக்குத் தெரிகிறதே, எதை வைத்துச் சொன்னோம் என்று கேட்டால் விளக்கத் தெரியாது. கைப்பக்குவம் என்போம். ஓவியத்தில் அந்தப் பக்குவத்தை உடைத்து, எது எதனால் தெரிகிறது என்று எழுதி வைக்கப் பார்த்தவர் ஜொவான்னி மொரெல்லி என்ற இத்தாலியர், பத்தொன்பதாம் நூற்றாண்டில். முகத்தைப் பார்க்காதே, காது மடலைப் பார், நகத்தைப் பார் என்றார் அவர். முகத்தில் ஓவியர் கவனமாக இருப்பார், வாடிக்கையாளர் சாயல் வரவேண்டுமே. காதுக்கும் சுண்டுவிரலுக்கும் வரும்போது பழகிய கை தன் போக்கில் ஓடும். அங்கேதான் ஆள் மாட்டிக்கொள்வார்.

டச்சு உருவப்படங்களில் எனக்குப் பிடித்த இடம் கழுத்துப் பட்டி. 1620களில் வசதியானவர்கள் ஆட்டுக்கல் அளவுக்கு அகலமான, மடிப்பு மடிப்பான வெள்ளைப் பட்டியைக் கழுத்தில் சுற்றியிருப்பார்கள். 1630களில் இளையவர்கள் அதை விட்டுவிட்டுத் தோள்மேல் படியும் தட்டையான பூப்பின்னல் பட்டிக்கு மாறிவிட்டார்கள். இதை வைத்துப் படத்தின் காலத்தைக் கிட்டத்தட்டச் சொல்லலாம். ஆனால் ஓவியரைக் காட்டிக்கொடுப்பது அதை வரைந்த விதம். ஒருவர் கறுப்புச் சட்டையை முழுக்க வரைந்து முடித்து அதன்மேல் வெள்ளைக் கோடுகளாகப் பின்னலை இழுப்பார். இன்னொருவர் வெள்ளையை முதலில் பூசிவிட்டு, பின்னலின் ஓட்டைகளைக் கறுப்புப் புள்ளிகளாக மேலே வைப்பார். தூரத்திலிருந்து இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஓர் அடி தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டும் வேறு வேறு ஆள் என்பதில் சந்தேகமே இருக்காது.

கண்ணுக்கு அப்புறம் கருவி வந்தது. மரப்பலகையில் வரைந்த படமென்றால் பலகையின் ஆண்டு வளையங்களை எண்ணி, அந்த மரம் எந்த ஆண்டுக்குப் பிறகு வெட்டப்பட்டிருக்க வேண்டும் என்று சொல்லலாம். ஹாலந்துக்கு வந்த நல்ல ஓக் பலகை பெரும்பாலும் பால்டிக் கடல் பக்கத்திலிருந்து வந்தது, அந்த வட்டாரத்து வளையக் கணக்கு இப்போது கையில் இருக்கிறது. துணியில் வரைந்ததென்றால் எக்ஸ்ரே எடுத்து இழைகளை எண்ணலாம். ஒரே துணிச் சுருளிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகள் அதில் தெரிந்துவிடும். வண்ணத்துக்கு அடியில் இருக்கும் முதல் கோடுகளை அகச்சிவப்புக் கதிரில் பார்க்கும் முறையை 1960களில் வளர்த்தெடுத்தவரும் ஒரு டச்சுக்காரர்தான், வான் ஆஸ்பெரென் டி போர்.

இத்தனை செய்தாலும் ஒரு வேலை மிச்சம் இருக்கும். படங்களை ஒரே அறையில், ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். புகைப்படம் ஏமாற்றும். ஒன்று பழுப்பேறிய வார்னிஷ் பூச்சோடு இருக்கும், ஒன்றை நேற்றுதான் சுத்தம் செய்திருப்பார்கள். பெயர் தெரியாதவருக்குக் கண்காட்சி எதற்கு என்ற கேள்விக்கு நேரான பதில் இங்கே இருக்கிறது. ரெம்பிராண்டுக்குக் கண்காட்சி வைத்தால் கூட்டம் வரும், அவரைப் பற்றித் தெரிந்ததை மறுபடி பார்க்கலாம். பெயரில்லாதவருக்கு வைக்கும் கண்காட்சி ஒரு விசாரணை. ஆறு ஊரிலிருந்து வந்த பதினைந்து படங்களைச் சுற்றி வரிசையாக மாட்டியவுடன், இதுவரை ஒரே ஆள் என்று நினைத்தவர்கள் இரண்டு ஆளாகப் பிரிவதும் உண்டு, வேறு வேறு என்று நினைத்தவை ஒன்றாகச் சேர்வதும் உண்டு. பார்க்க வருபவரில் யாராவது ஒருவர், 'எங்கள் பாட்டி வீட்டில் இதே மாதிரி ஒன்று தொங்கியது' என்று சொல்லக்கூடும். பெயர் கிடைக்க அதுவும் ஒரு வழி.

கிடைத்த கதைகளில் இரண்டை விரிவாகச் சொல்கிறேன். முதல் கதை ஹாலந்தில் நடந்ததில்லை, கடல் தாண்டி அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றங்கரையில் நடந்தது.

இன்றைய நியூயார்க் 1664 வரை டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. அந்த ஆண்டு ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஆட்சி மாறியதே தவிர அல்பனி, கிங்ஸ்டன் பக்கத்து மக்கள் அடுத்த நூறு வருடத்துக்கு வீட்டில் டச்சுதான் பேசினார்கள், டச்சு தேவாலயத்துக்குத்தான் போனார்கள். விலங்குகளின் ரோமத் தோல், மாவு, மரம் என்று வியாபாரத்தில் காசு வந்ததும் தங்கள் படத்தை வரைந்து மாட்டிக்கொண்டார்கள். ஊர் ஊராகப் போய் வரையும் ஓவியர்கள் இருந்தார்கள். யாரும் பெயர் எழுதவில்லை.

அவர்களில் ஒருவருக்கு, அவர் நிறைய வரைந்த குடும்பத்தின் பெயரை வைத்து 'கான்ஸ்வூர்ட் ஓவியர்' என்று பெயர் வைத்தார்கள். 1730 முதல் பதினைந்து வருடம் போல வேலை செய்தவர். அவர் வரைந்த சுசன்னா ட்ருவாக்ஸ் என்ற குழந்தையின் படம் வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. மூலையில் டச்சு மொழியில், பிறந்தது 1726 ஜூன், வரைந்தது 1730 மே என்று எழுதியிருக்கிறது. அதாவது இன்னும் நான்கு வயதுகூட நிறையவில்லை. ஆனால் பெரிய மனுஷி மாதிரி, சிவப்பும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக ஓடும் கவுனில் நிமிர்ந்து நிற்கிறாள். பக்கத்தில் சிறு மேசை, மேலே தேநீர்க் கெண்டி, கோப்பை. கவுனின் பட்டைகளைப் பாருங்கள். துணி மடிந்தால் பட்டையும் வளையவேண்டும், அந்த விதியெல்லாம் இவருக்குப் பெரிதாகப் படவில்லை. பட்டைகள் தட்டையாக, கோலத்தில் இழுத்த காவிக் கரை போலத் தங்கள் அழகுக்கே நிற்கின்றன. வரைந்த துணியும் ஓவியர்கள் வாங்கும் கித்தான் இல்லை, மெத்தை உறை தைக்கும் தடித்த துணி. கிடைத்ததில் வரைந்திருக்கிறார். முகம் மட்டும் அப்படியே ஒரு பிடிவாதக்காரக் குழந்தையின் முகம். அரை நிமிடத்துக்கு மேல் நிற்கமாட்டேன் என்கிற முகம்.

அல்பனி அருங்காட்சியகத்தில் பௌ டி வாண்டெலார் என்ற பையனின் படம் இருக்கிறது, அதே கை. கையில் ஒரு சின்னக் குருவி, பின்னால் ஆற்றில் ஒரு பாய்மரப் படகு. தந்தையின் தொழிலும் ஊரின் ஆறும் இரண்டு அங்குலத்தில் வந்துவிட்டன.

இவர் யார் என்று தேடியவர் மேரி பிளாக் என்ற ஆராய்ச்சியாளர். படங்களைப் பார்த்ததோடு நிற்காமல் மூலையில் இருந்த எழுத்தைப் பார்த்தார். டச்சில், பழகிய கையால், சரளமாக எழுதிய எழுத்து. ஹாலந்தில் பிறந்து, கரீபியன் தீவான குரசாவ் வழியாக நியூயார்க் வந்து கிங்ஸ்டன் பக்கம் குடியேறிய பீட்டர் வாண்டர்லின் என்பவரின் கையெழுத்தோடு அதை ஒப்பிட்டார். இரண்டும் ஒத்துப் போவதாக 1969ல் எழுதினார். ஓவியம் அந்தக் குடும்பத்துக்குப் பிறகும் விடவில்லை. பீட்டரின் பேரன் ஜான் வாண்டர்லின் வரைந்த 'கொலம்பஸ் கரையிறங்கல்' இன்றும் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் வட்டக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. பேரனுக்குப் பெயர், தாத்தாவுக்கு வெறும் ஊகம்.

ஊகம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், வாஷிங்டனில் சுசன்னா படத்துக்கு இப்போதும் 'கான்ஸ்வூர்ட் ஓவியர், பீட்டர் வாண்டர்லினாக இருக்கலாம்' என்ற அளவில்தான் போடுகிறார்கள். எழுத்து ஒத்துப் போனால் எழுதியவர் ஒருவர் என்று ஆகும், வரைந்தவரும் அவரேதானா என்ற ஒரு படி பாக்கி நிற்கிறது. அந்த 'இருக்கலாம்' என்ற சொல்லை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அதே வட்டாரத்தில் இன்னொருவர். மேலே சொன்ன 'ஏட்டாட்டிஸ் சூவே' என்ற லத்தீன் சொல்லைத் தவறாமல் மூலையில் எழுதுவார், அதனால் அவருக்கு அதுவே பெயர். சுமார் 1715 முதல் 1725 வரை அல்பனியின் பெரிய டச்சுக் குடும்பங்களை எல்லாம் வரைந்தவர். ஆரியான்ட்யே கூய்மன்ஸ் என்ற பெண்ணின் ஆளுயரப் படம் அவர் வேலைதான். 1672ல் பிறந்து 1723ல், ஐம்பது வயதுக்கு மேல், தன்னைவிட மிகவும் இளையவரைத் திருமணம் செய்துகொண்டவர் அவர். படத்தில் பின்புறம் அரண்மனைத் தோட்டம் போலத் தூணும் தொலைவுக் காட்சியுமாக இருக்கும். அப்படி எதுவும் ஹட்சன் கரையில் கிடையாது. இங்கிலாந்திலிருந்து வந்த அச்சுப் படங்களில் அரசவைப் பெண்களின் நிற்கும் பாணி, ஆடை, தோட்டம் எல்லாம் இருக்கும். அதை எடுத்து இங்கே போட்டார்கள். காலனி கால ஓவியர்கள் இப்படி அச்சுப் படங்களிலிருந்து எடுத்தார்கள் என்பதை விரிவாகக் காட்டியவர் வால்ட்ரன் பெல்க்னாப். ஆனால் கூய்மன்ஸின் முகம் எந்த அச்சுப் படத்திலிருந்தும் வந்ததில்லை. நீண்ட, எலும்பு தெரிகிற, அழகுபடுத்தாத முகம். கடன் வாங்கிய உடம்பின்மேல் சொந்த முகம்.

டச்சு மக்களை டச்சுத் தேவாலயத்து ஊரில் வரைந்தவர், அப்படியென்றால் டச்சுக்காரராகத்தான் இருப்பார் என்று நினைக்கத் தோன்றும். 1980ல் அதே மேரி பிளாக் ஒரு கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். அல்பனி வியாபாரி எவர்ட் வெண்டெல் எழுதி வைத்தது. 1718 வாக்கில் படம் வரைந்ததற்கான வரவு செலவு அதில் இருந்தது, படத்துக்கு ஈடாக ஒரு குதிரை போனதும் இருந்தது. பெற்றுக்கொண்டவர் பெயர் நெஹமாயா பார்ட்ரிட்ஜ். நியூ ஹாம்ப்ஷர் பக்கத்து ஆங்கிலேயக் குடும்பத்துப் பிள்ளை. அதற்கு முன்னால் பாஸ்டனில் மரச்சாமான்களுக்கு மெருகு வேலை செய்துகொண்டும் வண்ணப் பொடி விற்றுக்கொண்டும் இருந்தவர்!

கேள்வியில் நீங்கள் 'டச்சு ஓவியர்' என்று எழுதியிருக்கிறீர்கள். பெயர் தெரியாதவரைப் பற்றிப் பேசும்போது அந்த முதல் சொல்லும் ஊகமாக இருக்கலாம் என்பதற்குப் பார்ட்ரிட்ஜைவிட நல்ல சாட்சி இல்லை. தேடியவர்களுக்குக் கிடைக்காத பெயர், பால் கணக்கு எழுதுவது போல ஒருவர் எழுதி வைத்த வரியில் இருந்தது.

இரண்டாவது கதை ஹார்லெம் நகரத்தினுடையது. இது பெயரில்லாமல் போன கதையைவிட மோசம், வேறொருவர் பெயருக்குள் புதைந்துபோன கதை.

யூடித் லெய்ஸ்டர் 1609ல் ஹார்லெமில் பிறந்தார். அப்பா துணி நெசவுத் தொழிலில் இருந்தவர், பிறகு ஒரு பீர் ஆலை வாங்கினார். ஆலையின் பெயர்தான் குடும்பப் பெயராக வந்தது. லெய்ஸ்டர் என்றால் வழிகாட்டும் விண்மீன், துருவ நட்சத்திரம். வணிகம் நொடித்து அப்பா கடனில் விழுந்தார். மகளுக்குப் பத்தொன்பது வயது ஆவதற்குள்ளேயே ஊரைப் பற்றி எழுதிய ஒருவர் அவர் திறமையைப் பாராட்டிக் குறிப்பிட்டார். 1633ல் ஹார்லெம் ஓவியர் சங்கத்தில் உறுப்பினர். ஒரு பெண்ணுக்கு அந்தக் காலத்தில் அது சாதாரணம் இல்லை. சொந்தப் பட்டறை, மாணவர்கள். 1635ல் ஒரு மாணவன் பாதியில் விட்டுவிட்டு ஊரின் பெரிய ஓவியரான ஃபிரான்ஸ் ஹால்ஸ் பட்டறைக்குப் போனபோது, சும்மா விடாமல் சங்கத்தில் புகார் கொடுத்தார். தன் படங்களில் யூ, லெ என்ற எழுத்துகளைப் பிணைத்து, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வைத்துக் குறியிடுவார். பெயரைப் படமாகவே போட்டுவிட்டார்.

1636ல் யான் மீன்ஸ மொலனார் என்ற ஓவியரை மணந்தார். ஐந்து குழந்தைகள் பிறந்தன, இரண்டு பிழைத்தன. அதற்குப் பிறகு அவர் வரைந்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய படம் மிகக் குறைவு. 1660ல் இறந்தார். கணவர் 1668ல் இறந்தபோது வீட்டுப் பொருள்களைப் பட்டியல் எடுத்தார்கள். அதில் சில படங்களுக்கு எதிரே 'இறந்தவரின் மனைவி வரைந்தது' என்று எழுதியிருந்தது. பெயர் தொலைவது எங்கே தொடங்குகிறது பாருங்கள், சொந்த வீட்டிலேயே.

அதற்கு அப்புறம் இருநூறு வருடம் லெய்ஸ்டர் என்ற ஓவியர் இல்லை. படங்கள் இருந்தன, நன்றாக விற்றன. பெரும்பாலும் ஃபிரான்ஸ் ஹால்ஸ் என்ற பெயரில். 1630 ஆண்டு குறித்த ஒரு படம், மது அருந்திச் சிரிக்கும் ஒரு ஜோடி, இப்போது லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை லண்டன் வியாபாரி ஒருவர் ஹால்ஸ் என்று சொல்லி இன்னொருவருக்கு 4,500 பவுனுக்கு விற்றார். வாங்கியவர்கள் கூர்ந்து பார்த்தபோது குறி ஹால்ஸின் குறி இல்லை, பக்கத்தில் நட்சத்திரம் நிற்கிறது. வழக்குப் போட்டார்கள். 1893ல் சமரசம் ஆனது, விலை 3,500 ஆக இறங்கியது. படம் அதே படம்தான், ஒரு தூரிகைத் தடம்கூட மாறவில்லை. பெயர் மாறியதும் ஆயிரம் பவுன் போய்விட்டது.

அதே ஆண்டு கொர்னேலிஸ் ஹோஃப்ஸ்டேட டி குரூட் என்ற டச்சு ஆராய்ச்சியாளர் அந்தக் குறியை விடுவித்து, ஏழு படங்கள் லெய்ஸ்டருடையவை என்று எழுதினார். வாழ்நாள் முழுக்க அவர் சேர்த்த குறிப்பும் படமும்தான் பின்னால் ஹேக் நகரத்தில் இருக்கும் ஆர்.கே.டி. என்ற பெரிய கலை ஆவணக் காப்பகத்துக்கு அடித்தளம். அதற்கும் ஒரு நூற்றாண்டு கழித்து, 1993ல், ஹார்லெமின் ஃபிரான்ஸ் ஹால்ஸ் அருங்காட்சியகமும் அமெரிக்காவின் வூஸ்டர் அருங்காட்சியகமும் சேர்ந்து லெய்ஸ்டருக்குத் தனிக் கண்காட்சி வைத்தன. யார் பெயருக்குள் புதைந்திருந்தாரோ அவர் பெயர் கொண்ட கட்டடத்துக்குள் தன் பெயரோடு வந்து சேர்ந்தார்.

அந்தச் சமயத்தில் நடந்த ஒரு சங்கதியையும் சொல்லவேண்டும். ஃபிலடெல்ஃபியாவில் அவர் வரைந்த 'கடைசிச் சொட்டு' என்ற படம் இருந்தது. இரவில் இரண்டு இளைஞர்கள் குடித்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் தெரியும். பழைய பிரதி ஒன்றில் இருவருக்கும் நடுவில் ஒரு எலும்புக்கூடு இருந்தது. சுத்தம் செய்து பார்த்தபோது, அசலிலும் அது மேல்பூச்சுக்கு அடியில் பத்திரமாக இருந்தது, ஒரு கையில் மணல் கடிகாரம், மறு கையில் மண்டையோடு. எலும்புக்கூடு உள்ள படம் விற்காது என்று யாரோ பூசி மறைத்திருக்கிறார்கள். ஓவியர் பெயரை மறைத்த அதே காரணம்.

அதனால்தான், பெயர் தெரியவில்லை என்று ஓர் அருங்காட்சியகம் வெளிப்படையாக எழுதிக் கண்காட்சி வைத்தால் எனக்கு மகிழ்ச்சி. பெயர் இல்லாமல் தொங்கும் படத்தை யாராவது 'இது யார்' என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். தவறான பெரிய பெயரோடு தொங்கும் படத்தை யாரும் கேட்கமாட்டார்கள். லெய்ஸ்டரை இருநூறு வருடம் மறைத்தது மறதி மட்டும் அல்ல, ஹால்ஸ் என்ற அந்தச் சீட்டும்தான். பெரிய பெயரை ஒட்டும் ஆசை நிபுணர்களையும் விடாது. மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தின் முன்னாள் இயக்குநர் ஆபிரஹாம் பிரெடியஸ் டச்சு ஆவணங்களைக் கரைத்துக் குடித்தவர். அவரே 1937ல் ஒரு போலிப் படத்தை, பதினேழாம் நூற்றாண்டு டச்சு மேதை ஃபெர்மேரின் தலைசிறந்த படைப்பு என்று எழுதினார். வரைந்தவர் வான் மேகெரென், அப்போது உயிரோடு இருந்த ஆள்.

நீங்கள் அந்தக் கண்காட்சிக்கு நேரில் போக வாய்ப்பு இருந்தால் ஒரு வேலை செய்து பாருங்கள். முதல் சுற்றில் விவரச் சீட்டைப் படிக்காதீர்கள். முகத்தையும் தாண்டி, கைகளை மட்டும் பார்த்துக்கொண்டு போங்கள். கட்டை விரல் எப்படி மடிகிறது, நகத்தில் வெளிச்சம் எங்கே விழுகிறது, கையுறையைப் பிடித்திருக்கும் விரல்கள் உண்மையில் பிடித்திருக்கின்றனவா. ஐந்தாவது ஆறாவது படத்துக்கு வரும்போது ஓர் ஆளை உங்களுக்கு அடையாளம் தெரியத் தொடங்கும். 'இது மட்டும் அவர் இல்லை' என்று ஒரு படத்தின் முன்னால் தோன்றினால் அதையும் ஒதுக்கிவிடாதீர்கள், அமைத்தவர்களுக்கும் அதே சந்தேகம் இருந்திருக்கக்கூடும். இரண்டாவது சுற்றில் சீட்டைப் படியுங்கள். 'வரைந்தவர்', 'பட்டறை', 'வட்டம்', 'பாணியில்' என்ற சொற்கள் வேறு வேறு. 'பட்டறை' என்றால் அவர் கூரையின் கீழ் வேறு கை, 'வட்டம்' என்றால் அவரை அறிந்த வேறு ஆள், 'பாணியில்' என்றால் காலமே வேறாக இருக்கலாம்.

என்றாவது பெயர் கிடைக்குமா என்றால், கிடைக்கலாம். தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேட்டிலோ, நோட்டரி எழுதிய கடன் பத்திரத்திலோ, வெண்டெலின் குதிரைக் கணக்கு மாதிரி ஏதோ ஒன்றிலோ அது இருக்கக்கூடும். ஹாலந்தின் நோட்டரி ஆவணங்கள் பெருமளவில் கணினிக்கு ஏறிக்கொண்டிருக்கின்றன. முன்பு ஒருவர் ஆயுள் முழுக்கப் புரட்டவேண்டியதை இப்போது சொல் போட்டுத் தேட முடிகிறது.

வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் சுசன்னா இருக்கிறாள் என்று சொன்னேன் அல்லவா, யூடித் லெய்ஸ்டர் தன்னைத்தானே வரைந்த படமும் அங்கேதான் இருக்கிறது. நாற்காலி முதுகில் முழங்கையை ஊன்றி, கையில் ஒரு கொத்துத் தூரிகையோடு நம் பக்கம் திரும்பி, பேசப்போகிறவர் போல வாயை லேசாகத் திறந்திருக்கிறார். அதையும் ஒரு காலத்தில் ஹால்ஸ் என்றே சொல்லியிருந்தார்கள். இப்போது சீட்டில் அவர் பெயர் இருக்கிறது. மெத்தைத் துணியில் பட்டைக் கவுனோடு நிற்கும் குழந்தையின் சீட்டில் இன்னும் 'இருக்கலாம்' என்றுதான் இருக்கிறது.